கருவிழி நோய்க்கு ஒரு குறியீடு: உங்கள் மருத்துவ அறிக்கையில் உள்ள எழுத்தும் எண்ணும் சொல்வது என்ன?

கண் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும்போது தரப்படும் டிஸ்சார்ஜ் சம்மரியில், நோயின் பெயருக்கு அருகே ஓர் ஆங்கில எழுத்தும் சில எண்களும் அச்சிடப்பட்டிருப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். எச்16.0, எச்17.1, எச்18.6 என்பன போன்ற இக்குறிகளை மருத்துவமனையின் உள்கணக்கு என்று எண்ணிக் கடந்துவிடுவது வழக்கம். உண்மையில், உங்களை ஒருமுறையும் நேரில் பார்த்திராத பலரிடம் உங்கள் கண்ணைப் பற்றிப் பேசுபவை இக்குறிகளே. காப்பீட்டு நிறுவனத்தின் அலுவலர், ஐந்தாண்டுகளுக்குப் பின் வேறோர் ஊரில் உங்களைப் பரிசோதிக்கப் போகும் மருத்துவர், நாட்டில் எத்தனை பேருக்கு எந்த நோய் என்று கணக்கிடும் சுகாதாரத் துறை ஆகிய மூவரும் முதலில் படிப்பது இந்தக் குறியைத்தான். எனவே அது என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை நோயாளியும் குடும்பத்தாரும் அறிந்திருப்பது நன்று.

கருவிழி என்பது எது?

பேச்சு வழக்கில் கருவிழி என்றும், பாடநூல்களில் விழிவெண்படலம் என்றும், மருத்துவர்களால் கார்னியா என்றும் வழங்கப்படுவது கண்ணின் முன்புறத்தில் உள்ள ஒளி ஊடுருவும் படலமாகும். பெயரில் கருமை இருந்தாலும் அதற்கு நிறம் இல்லை. அதன் பின்னுள்ள நிறப்படலமும் பாவையும் அதன் வழியே தெரிவதால் கருமையாகத் தோன்றுகிறது. நடுப்பகுதியில் அதன் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. வேண்டிய ஆக்சிஜனைப் பெரும்பாலும் கண்ணீர்ப் படலத்தின் வழியாகக் காற்றிலிருந்து பெறுகிறது. கண்ணுக்குள் நுழையும் ஒளியைக் குவிக்கும் திறனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்தப் படலத்தைச் சார்ந்தது. ஆகவே, அதன் வடிவம் சிறிது மாறினாலும், தெளிவு சிறிது மங்கினாலும் பார்வை உடனே பாதிக்கப்படுகிறது.

பட்டியல் வந்த வழி

நோய்களுக்குக் குறியிடும் முறை, இறப்புகளை எண்ணுவதில் தொடங்கியது. ஜாக் பெர்டியோன் என்னும் பிரெஞ்சுப் புள்ளியியலாளர் தொகுத்த இறப்புக் காரணங்களின் பட்டியலைப் பன்னாட்டுப் புள்ளியியல் நிறுவனம் 1893ஆம் ஆண்டு சிகாகோவில் கூடியபோது ஏற்றுக்கொண்டது. 1948இல் உலக சுகாதார நிறுவனம் அப்பணியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு வெளியிட்ட ஆறாம் திருத்தத்தில்தான், உயிரைப் பறிக்காத நோய்களுக்கும் முழுமையான இடம் கிடைத்தது. கருவிழி நோய்கள் பெரும்பாலும் உயிரை வாங்குபவை அல்ல, பார்வையை வாங்குபவை. இறப்புகளை மட்டும் எண்ணும் பட்டியலில் அவற்றுக்கு இடமிருக்க வழியில்லை.

இன்று நம் மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்படுவது ஐ.சி.டி. 10 எனப்படும் நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டின் பத்தாம் திருத்தம். அது 1990இல் ஏற்கப்பட்டு 1994 முதல் நடைமுறைக்கு வந்தது. முந்தைய திருத்தத்தில் நரம்பு மண்டல நோய்களோடு சேர்த்து வைக்கப்பட்டிருந்த கண் நோய்கள் இதில் தனி இயலைப் பெற்றன. பதினோராம் திருத்தம் 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. நாடுகள் ஒவ்வொன்றாக அதற்கு மாறி வருகின்றன.

எச் வரிசையில் கருவிழியின் இடம்

ஐ.சி.டி. 10இல் எச் என்னும் எழுத்தைக் கண்ணும் காதும் பகிர்ந்துகொள்கின்றன. எச்00 முதல் எச்59 வரை கண்ணுக்கும், எச்60 முதல் எச்95 வரை காதுக்கும் உரியவை. கருவிழி நோய்கள் பெரும்பாலும் மூன்று எண்களின் கீழ் வருகின்றன.

எச்16 – கருவிழி அழற்சி. இதில் எச்16.0 என்பது கருவிழிப் புண். கருவிழியோடு இமைப்படலமும் சேர்ந்து அழற்சியுற்றால் எச்16.2. இரத்தக் குழாய்கள் இல்லாத கருவிழிக்குள் புதிய குழாய்கள் வளர்ந்தால் எச்16.4.

எச்17 – கருவிழித் தழும்பும் வெண்மையும். கிராமத்தில் ‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்று சொல்வது பல வேளைகளில் இதைத்தான். ஆனால் கண்புரையையும் சிலர் பூ என்றே சொல்வதுண்டு. இரண்டும் வெவ்வேறு. கண்புரை என்பது உள்ளே இருக்கும் வில்லையின் மங்கல். அதற்கு எச்25, எச்26 என்ற தனி எண்கள் உள்ளன. கருவிழியின் நடுவில் உள்ள வெண்மைக்கு எச்17.1. தழும்போடு நிறப்படலமும் ஒட்டிக்கொண்டிருந்தால் எச்17.0.

எச்18 – கருவிழியின் பிற கோளாறுகள். நீர் கோத்துக் கொப்புளம் ஏற்படும் நிலை எச்18.1. பரம்பரையாக வரும் கருவிழிச் சிதைவுகள் எச்18.5. கருவிழி மெலிந்து கூம்பு போல் முன்னோக்கிப் புடைக்கும் கெரட்டோகோனஸ் எச்18.6.

புள்ளிக்குப் பின் வரும் இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொள்வது பயனுள்ளது. பல பிரிவுகளில் 8 என்பது, ‘நோய் இன்னதென்று தெரியும், ஆனால் அதற்குத் தனி எண் இல்லை’ என்று பொருள்படும். 9 என்பது ‘இன்னதென்று குறிப்பிடப்படவில்லை’ என்று பொருள்படும். முதல்நாள் பரிசோதனையில் எச்16.9 அல்லது எச்18.9 என்று எழுதப்படுவதில் தவறில்லை. சோதனை முடிவுகள் வந்திராத நிலையில் அதுவே நேர்மையான குறி. எல்லாச் சோதனைகளும் முடிந்து, நோயின் பெயர் தெளிவான பிறகும் 9 என்னும் எண்ணே நீடித்தால், அதைப் பற்றிக் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

நெல் உமியில் தொடங்கும் ஒரு கதை

குறி மாறுவது என்பது பிழை திருத்தப்பட்டது என்று எப்போதும் பொருள்படாது. நோய் நகரும்போது குறியும் நகர்கிறது. நம் வயல்வெளிகளில் அடிக்கடி நிகழும் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

கதிரடிக்கும்போது ஒருவர் கண்ணில் நெல் உமி தெறித்து விழுகிறது. அது கருவிழியில் ஒட்டிக்கொண்டால் குறி டி15.0, கருவிழியில் அயற்பொருள். அது எப்படி நேர்ந்தது என்பதைச் சொல்லும் புறக்காரணக் குறி டபிள்யூ44. உமியை அகற்றி, மருந்திட்டு, தொடர்ந்து கவனித்தால் பெரும்பாலோருக்கு இத்துடன் கதை முடிந்துவிடும்.

அவர் மருத்துவரிடம் செல்லாமல், கடையில் ஏதோ ஒரு சொட்டு மருந்தை வாங்கி ஊற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தால், சில நாட்களில் கீறலின் வழியே கிருமி புகுந்து புண்ணாகலாம். அப்போது குறி எச்16.0 ஆகிறது. புண் ஆறிய பின் நடுவில் வெண்தழும்பு நின்றுவிட்டால் எச்17.1. தழும்பு பார்வையை மறைத்து, கண் தானம் செய்த ஒருவரின் கருவிழி அவருக்குப் பொருத்தப்பட்டால், அதன் பிறகு அவருடைய பதிவேட்டில் இசட்94.7 என்பது இடம்பெறும். அது நோயின் குறி அன்று. ‘இவர் மாற்றுக் கருவிழி பெற்றவர்’ என்னும் நிலையின் குறி. எந்த மருத்துவரிடம் எதற்காகச் சென்றாலும் அவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி அது. அவ்வாறு கருவிழி பெற்றவர்கள் கண் சிவத்தல், ஒளியைக் கண்டால் கூசுதல், பார்வை மங்குதல், வலி ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் காத்திராமல் அன்றே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

நான்கு குறிகளை வரிசையாக வைத்துப் படித்தால், ஒரு மனிதரின் கண் கடந்து வந்த பாதை முழுவதும் தெரிகிறது. பழைய அறிக்கைகளைத் தூக்கியெறியாமல் ஒரே கோப்பில் தேதி வாரியாக வைத்திருக்க வேண்டும் என்று வலியுறுத்துவது இதனால்தான்.

காரணம் ஓரிடம், பாதிப்பு வேறிடம்

சில கருவிழி நோய்களின் வேர் கண்ணில் இருப்பதில்லை. அவற்றுக்கு ஐ.சி.டி. 10 இரட்டைக் குறி தருகிறது. காரண நோய்க்கு ஒன்று, அது வெளிப்படும் இடத்துக்கு மற்றொன்று.

ஹெர்ப்பிஸ் வைரஸால் வரும் கருவிழி அழற்சிக்கு பி00.5, எச்19.1 ஆகிய இரண்டும் சேர்ந்து எழுதப்படுகின்றன. பி வரிசை தொற்றுநோய்களுக்குரியது. இந்த வைரஸ் நரம்பு முடிச்சுகளில் அடங்கிக் கிடந்து, மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்து மீண்டும் தலைதூக்கக்கூடியது. மீண்டும் கண் சிவக்கும்போது பழைய அறிக்கையில் பி00.5 என்பதைக் காணும் மருத்துவர், ஸ்டீராய்டு சொட்டு மருந்தை எழுதுமுன் இருமுறை யோசிப்பார். வைரஸ் எதிர்ப்பு மருந்தின் துணையின்றி, பொருந்தாத நேரத்தில் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு இந்நோயைத் தீவிரமாக்கிவிடக்கூடும். அக்குறி விடுபட்டு வெறும் ‘கண் சிவப்பு’ என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால் அந்த எச்சரிக்கையும் விடுபட்டுப் போகும்.

குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ குறைவால் கருவிழி மென்மையாகி உருகும் நிலை இ50.4. இது ஊட்டச்சத்துக் குறைபாடுகளின் இயலில் இருக்கிறது. கண்ணுக்குச் சொட்டு மருந்து மட்டும் போதாது, உடலுக்கு வைட்டமின் ஏ வேண்டும் என்பதை அந்தக் குறியே சொல்லிவிடுகிறது. அதே வீட்டில், அதே உணவை உண்டு வளரும் மற்றக் குழந்தைகளையும் பரிசோதிக்க வேண்டும் என்ற நினைவூட்டலும் அதில் அடங்கியிருக்கிறது.

கருவிழியின் ஓரத்தில் பழுப்பு அல்லது பசுமை கலந்த வளையம் ஒன்று சிலருக்குத் தோன்றும். கைசர்–பிளைஷர் வளையம் எனப்படும் அதற்கு எச்18.0. ஆனால் அதற்குக் காரணமாக அமையும் வில்சன் நோய், உடலில் தாமிரம் தேங்குவதால் வருவது. அதன் குறி இ83.0. கண் மருத்துவர் கல்லீரல் மருத்துவரைப் பார்க்கச் சொன்னால் குடும்பத்தார் திகைக்க வேண்டியதில்லை. கண்ணில் தெரிவது அடையாளம் மட்டுமே.

கூம்புக் கருவிழியும் காப்பீடும்

குறியீட்டின் விளைவு பணத்தில் தெரியும் இடம் காப்பீடு. மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைப் படிவத்தில் மருத்துவமனை நிரப்ப வேண்டிய பகுதியில் முதன்மை நோய், கூடுதல் நோய், உடன் உள்ள பிற நோய்கள் ஆகியவற்றின் ஐ.சி.டி. 10 குறிகளுக்கெனத் தனிக் கட்டங்கள் உள்ளன.

கெரட்டோகோனஸ் பெரும்பாலும் வளரிளம் பருவத்தில் தொடங்குகிறது. தொடக்கத்தில் அது அடிக்கடி மாறும் கண்ணாடிப் பவராக, குறிப்பாகச் சிதறல் பார்வையாகத் தோன்றும். சிதறல் பார்வையின் குறி எச்52.2. கருவிழி வரைபடம் எடுத்துப் பார்த்த பிறகே அது எச்18.6 என்று உறுதியாகிறது. முன்னது ஒளி விலகல் குறைபாடு. பின்னது கருவிழியின் நோய். நம் நாட்டுக் காப்பீட்டுத் திட்டங்களில் உள்ள பொதுவான விலக்குகளுள் ஒன்று, 7.5 டயாப்டருக்குக் குறைவான ஒளி விலகல் குறைபாட்டைச் சரிசெய்யும் செலவு. கருவிழியை உறுதிப்படுத்தும் சிகிச்சைக்குச் சென்ற ஒருவரின் படிவத்தில் எச்52.2 மட்டும் இருந்தால், கண்ணாடியைத் தவிர்ப்பதற்கான சிகிச்சை என்று கருதிக் கோரிக்கை மறுக்கப்படக்கூடும். அத்தகைய மறுப்பு வந்தால் மனம் தளராமல், படிவத்தில் உள்ள குறியையும் கருவிழி வரைபடத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் பொருந்தவில்லை எனில், மருத்துவரின் கையொப்பத்துடன் திருத்தம் கோரி மீண்டும் விண்ணப்பிக்கலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ‘காப்பீடு கிடைக்கிற குறியைப் போட்டுக் கொடுங்கள்’ என்று சிலர் கேட்பதுண்டு. பணச்சுமையில் இருக்கும் குடும்பத்தின் மனநிலை புரிந்துகொள்ளத் தக்கதே. ஆயினும் மருத்துவர் கண்டறியாத நோயின் குறியை எழுதுவது பொய்ப்பதிவாகும். அது கண்டுபிடிக்கப்பட்டால் கோரிக்கை முழுவதும் மறுக்கப்படலாம். அதைவிடப் பெரிய இடர், அந்தப் பொய் உங்கள் பதிவேட்டில் நிலைத்து, அடுத்த மருத்துவரைத் தவறான வழியில் செலுத்துவதாகும்.

எந்தக் கண்?

உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. 10 பட்டியலில் எச்18.6 என்றால் கெரட்டோகோனஸ் என்று மட்டுமே பொருள். வலது கண்ணா, இடது கண்ணா என்பதை அது சொல்வதில்லை. அமெரிக்காவில் 2015 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள விரிவாக்கப்பட்ட வடிவத்தில் இதற்கு வழி செய்துள்ளனர். அங்கே கருவிழிக் குறிகளின் கடைசி இடத்தில் 1 என்பது வலது கண்ணையும், 2 என்பது இடது கண்ணையும், 3 என்பது இரு கண்களையும் குறிக்கும். நோய் நிலையாக நிற்கிறதா, வளர்கிறதா என்பதற்கும் எண் உண்டு. எச்18.611 எனில் வலது கண்ணில் நிலையாக உள்ள கெரட்டோகோனஸ், எச்18.622 எனில் இடது கண்ணில் வளர்ந்துவரும் கெரட்டோகோனஸ். வெளிநாட்டில் வாழும் உறவினரின் அறிக்கையில் நீண்ட எண் இருப்பதற்குக் காரணம் இதுவே. பதினோராம் திருத்தத்திலும் பக்கத்தைக் குறிக்கத் துணைக்குறி சேர்க்கலாம்.

நம் அறிக்கைகளில் எண் அதைச் சொல்லாததால் எழுத்து சொல்ல வேண்டும். ஓ.டி. என்றால் வலது கண், ஓ.எஸ். என்றால் இடது கண், ஓ.யூ. என்றால் இரு கண்கள். கெரட்டோகோனஸ் பெரும்பாலும் இரு கண்களையும் வெவ்வேறு அளவில் பாதிப்பது. இன்று ஒரு கண்ணுக்கும், அடுத்த ஆண்டு மறு கண்ணுக்கும் சிகிச்சை நடந்தால், ஒரே குறியுடன் வரும் இரண்டாவது கோரிக்கை முதலாவதன் மறுபதிப்போ என்ற ஐயம் எழலாம். எந்தக் கண் என்பது தெளிவாக எழுதப்பட்டிருந்தால் அந்த ஐயத்துக்கு இடமில்லை.

குறியீடு சொல்லாதவை

குறிக்கு எல்லை உண்டு. எச்16.0 என்பது புண் என்று சொல்கிறதே தவிர, அதை உண்டாக்கியது பாக்டீரியாவா பூஞ்சையா என்று சொல்வதில்லை. தென்னிந்தியாவில் இது முக்கியமான கேள்வி. இங்கே கருவிழிப் புண்களில் பெரும்பங்கு பூஞ்சையால் வருகிறது. பாக்டீரியாவுக்கான மருந்து பூஞ்சைக்குப் பயன் தராது. ஆகவே புண்ணைச் சுரண்டி எடுத்துச் சோதித்த ஆய்வக அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெற்று, டிஸ்சார்ஜ் சம்மரியோடு சேர்த்து வையுங்கள்.

பார்வை எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதையும் கருவிழிக் குறி சொல்லாது. ஒரே எச்17.1 உள்ள இருவரில் ஒருவர் செய்தித்தாள் படிப்பார். மற்றவர் விரல்களைக்கூட எண்ண இயலாதவராக இருப்பார். பார்வையிழப்புக்கு எச்54 என்ற தனி வரிசை இருக்கிறது. மாற்றுத்திறனாளிச் சான்றும் நோயின் குறியைக் கொண்டு வழங்கப்படுவதில்லை. அளந்து அறிந்த பார்வையைக் கொண்டே வழங்கப்படுகிறது. வலி, அச்சம், வேலையிழப்பு ஆகியவற்றுக்கு எந்த எண்ணும் ஈடாகாது. அவற்றை மருத்துவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எண்ணியதால் விளைந்த நன்மை

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் எண்ண வேண்டும் என்று கேட்கலாம். 1993ஆம் ஆண்டு நிலவரத்தைக் கொண்டு மதுரை மாவட்டத்தில் கருவிழிப் புண் எத்தனை பேருக்கு வருகிறது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். ஆண்டுக்கு 10,000 பேருக்கு ஏறத்தாழ 11 பேர் என்று தெரியவந்தது. அமெரிக்காவின் ஒரு மாவட்டத்தில் அதற்கு முன் கண்டறியப்பட்ட அளவைப் போல இது ஏறக்குறைய பத்து மடங்கு. ஒவ்வொரு நோயாளியின் நோயும் உரிய பெயரில் பதியப்பட்டிருந்தால் மட்டுமே இத்தகைய கணக்கு இயலும். சிறு கீறலுக்கு உடனே மருந்திட்டால் புண்ணைத் தடுக்கலாம் என்ற அறிவுரைக்கு வலுச் சேர்ப்பவை இத்தகைய எண்ணிக்கைகளே. உங்கள் குறியும் அந்தக் கணக்கில் ஒன்று.

நீங்கள் செய்ய வேண்டியவை

• மருத்துவமனையை விட்டுப் புறப்படுமுன் டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயர், குறி, எந்தக் கண் ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

• நோயின் பெயரைத் தமிழில் சொல்லுமாறு மருத்துவரையோ செவிலியரையோ கேட்டு, அறிக்கையின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

• பிழை இருப்பதாகத் தோன்றினால் நீங்களே திருத்தாதீர்கள். சிகிச்சை அளித்த மருத்துவரிடமோ மருத்துவப் பதிவேட்டுப் பிரிவிலோ எழுத்து மூலம் தெரிவியுங்கள். அடித்துத் திருத்திய தாளைக் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்பதில்லை.

• நோயின் குறி வேறு, செய்யப்பட்ட சிகிச்சையின் குறி வேறு. அரசுக் காப்பீட்டுத் திட்டங்களில் சிகிச்சைத் தொகுப்புக்கெனத் தனிக் குறிகள் உள்ளன. ஒன்றை மற்றொன்றாகக் கருதிக் குழம்ப வேண்டா.

• சர்க்கரை நோய், ஹெர்ப்பிஸ் தொற்று, முன்பு செய்த கண் அறுவை சிகிச்சை, கருவிழி மாற்று ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். சொன்னால்தான் எழுதப்படும், எழுதப்பட்டால்தான் குறியாகும்.

• கண்ணில் தூசியோ உமியோ விழுந்து உறுத்தல் நீடித்தால், பழைய சொட்டு மருந்தையும் பிறர் பயன்படுத்திய மருந்தையும் தொடாதீர்கள். கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.

அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது, பழைய கோப்பை மறவாமல் எடுத்து வாருங்கள். அதில் உள்ள எண்களுக்குப் பொருள் கேட்க நேரம் ஒதுக்குங்கள். விளக்கிச் சொல்வது மருத்துவமனையின் கடமை. கேட்பது உங்கள் உரிமை.